நாற்பதைத் தாண்டினால்

லோகித். எட்டு வயது. வயிற்றுவலி.
ஏழு முறை இதே வரியை எழுதியிருக்கிறேன்,
ஏழு முறையும் அதே இளஞ்சிவப்பு சிரப்பைக்
கம்பிக்கு வெளியே நீட்டியிருக்கிறேன்.
'சாப்பாட்டுக்கு முன்னாடி, ரெண்டு வேளை.'
நான் மருந்தாளுநர். என் வேலை அவ்வளவுதான்.
புட்டி குறையும், எழுதுவேன்.
ராமநாதபுரத்திலிருந்து பெட்டி வரும், எழுதுவேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஃபோன் போனதும்
களிமண்குண்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவாள் முகேஸ்வரி.
விரல்களில் துணி சுற்றிய தடம்,
கண்ணைச் சுற்றிக் கண்ணாடி அழுத்திய வட்டம்.
பாசி எடுக்கிறவள்.
எந்தத் தீவுப் பக்கம் என்று நான் கேட்பதில்லை,
காக்கிச் சட்டைக்காரர்களுக்கும் காது உண்டு.

முன்பிருந்த டாக்டர் ஸ்கேன் எழுதினார். ஒன்றுமில்லை.
பூச்சி மாத்திரை எழுதினார். பூச்சியும் இல்லை.
கடைசியில் ஒரு சீட்டு:
மனநலப் பிரிவு, தலைமை மருத்துவமனை.
நான்காய் மடித்து இடுப்பில் செருகினாள்,
மறுநாள் கடலில் கூழானது.
ராமநாதபுரம் போனால் ஒரு நாள் பாசி போச்சு.
அதைவிட, பஸ்ஸில் யாராவது
'எங்க போற?' என்று கேட்டுவிட்டால்?
பக்கத்து வீட்டில் ஏற்கெனவே சொல்லியாயிற்று:
'ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போ.'

இந்த வருஷம்
தடுப்பூசி ஃபிரிட்ஜுக்கு அடுத்த நாலாம் அறையிலிருந்து
உடைந்த ஸ்டிரெச்சர்களை வெளியே தள்ளி
ரமீஜாவுக்கு ஒரு மேசை போட்டார்கள்.
செவ்வாயும் வெள்ளியும்
பிள்ளைகளிடம் பேச ஓர் ஆள்.
சிரித்தேன், ஒளிப்பானேன்.
பாராசிட்டமாலுக்கே வரிசை வேப்பமரம் வரை நிற்கிற இடத்தில்
பேச்சு வேறா?

புது டாக்டர் இவாஞ்சலின் வயிற்றை அழுத்திப் பார்த்தார்,
சீட்டு எழுதவில்லை.
எழுந்து அவன் கையைப் பிடித்து
நாலாம் அறைக்கு நடத்திப் போனார்.
பதினோரு எட்டு. பிறகு நானே நடந்து பார்த்தேன்.
வரிசையில் ஒருவரும் திரும்பவில்லை,
ஊசிக்கு என்று நினைத்திருப்பார்கள்.

அரை மணியில் ரமீஜா என் ஜன்னலுக்கு வந்தாள்.
'அண்ணே, இவனுக்கு சிரப் குடுத்த தேதியெல்லாம் வேணும்.'
நான் வாசித்தேன்,
அவள் சுவரில் தொங்கிய உரக்கடைக் காலண்டரில் விரல் வைத்தாள்.
அமாவாசைக்கு மறுநாள்.
பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள்.
மறுபடி அமாவாசை.
பாசிக்கு இறங்குகிற நாட்கள்.
ஏழும் என் கையெழுத்து.

முகேஸ்வரியே பிறகு சொன்னாள்:
போன கோடை லீவில் அவனும் வள்ளத்தில் வந்தானாம்.
அம்மா முங்கினால் எண்ணுவான்.
நாற்பதுக்குள் தலை தெரிந்துவிடும்.
ஒரு முறை கால் பழைய வலையில் மாட்டி
எழுபத்து மூன்று.
மேலே வந்தாள், துப்பினாள், சிரித்தாள்,
மறந்தும் போனாள்.
அவன் மூன்றாம் வகுப்பில், ஜன்னலோர பெஞ்சில்,
இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறான்.

குணமானது என்று எழுத ஆசைதான்.
அடுத்த அமாவாசைக்கும் வந்தான்,
வயிற்றைப் பிடித்துக்கொண்டு.
என் ஜன்னலைத் தாண்டி, நேரே நாலாம் அறை.
இப்போது அவள் கரையேறியதும்
சத்துணவு ஆயாவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கிறாள்.
ஆயா வகுப்பு வாசலில் நின்று
கரண்டியோடு தலையாட்டிவிட்டுப் போகிறாள்.
சில நாள் டவர் கிடைப்பதில்லை.

நேற்று முகேஸ்வரி கம்பியருகே குனிந்தாள்:
'அந்த ரூம் பிள்ளைகளுக்கு மட்டுந்தானா சார்?'
தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அவள் போன பிறகு கை தானாக
ரிஜிஸ்டரைப் பின்னோக்கிப் புரட்டியது.
ஜொஹரா பீவி. பத்து வயது. தலைவலி.
தலைவலி. தலைவலி. தலைவலி.
காலண்டரை ஆணியிலிருந்து கழற்றினேன்.
நான்கு தேதிக்கும் நிலவோடு
எந்தச் சம்பந்தமும் இல்லை.

இன்று சனி.
ரமீஜா செவ்வாய்தான் வருவாள்.